கண்ணன் கன்னத்துப் பன்னீர்

காவிரிக் கரையில் ஓர் ஊர். அங்கே ஒரு பழைய அரண்மனை. அரண்மனைக்குள் ஓர் ஓவிய அருங்காட்சியகம். அதில் ஒரு குருவும் ஒரு சீடனும் இருந்தார்கள்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் பொற்கொடி. வயது முப்பத்தி நாலு. பழுதான ஓவியங்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. சீடன் பெயர் நல்லதம்பி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் தாலி கட்டியதை வீடியோ எடுத்தவர். குரு சீடனை "அண்ணே" என்பாள். சீடன் குருவை "மேடம்" என்பார்.

மராமத்துக்காக மூடிய அருங்காட்சியகத்தை மறுபடி திறக்க இருந்தார்கள். திறப்பு விழாவில் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார்கள். என்னென்ன ஓவியங்கள், அவற்றின் கதை என்ன, கெட்டுப்போனதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று அரை மணி நேரம் ஓடும் படம். படம் எடுக்கிற பெரிய ஊர்க்காரர்கள் யாருக்கும் நேரம் இல்லை. நல்லதம்பிக்கு நேரம் இருந்தது. அது ஆடி மாதம்.

நல்லதம்பிக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் எடுத்த வீடியோ எதையும் யாரும் கடைசிவரை பார்த்தது கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுப் பந்தி வரை பார்ப்பார்கள். பெண் வீட்டார் மறுவீட்டோடு நிறுத்திவிடுவார்கள். ஊரே உட்கார்ந்து கடைசிவரை பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

முதல் நாளே இரண்டு பெரிய விளக்குகளோடு வந்து இறங்கினார். மணமேடைக்கு வைக்கிற விளக்குகள். போட்டால் மாப்பிள்ளை சட்டை நனைந்துவிடும்.

"வேணாம்ணே," என்றாள் பொற்கொடி. "சுவர்ல மாட்டியிருக்கிற ராஜாவுக்குச் சூடு ஆகாது."

"வெளிச்சம் இல்லாம எப்படி மேடம் எடுக்கிறது?"

அவள் சன்னல்களைச் சாத்தினாள். ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, சுவரை ஒட்டிப் பிடித்து, ராஜாவின் படத்தின் மேல் பக்கவாட்டில் அடித்தாள்.

நேரே பார்த்தால் வழவழவென்று இருந்த படம் மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. விரிசல் தெரிந்தது. ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது. ராஜா கையில் வாள் பிடித்திருந்தார். வாளுக்கு அடியில், மேலே பூசி மறைத்த வண்ணத்தின் புடைப்பில், ஒரு ரோஜாப்பூ தெரிந்தது.

"முதல்ல பூவைத்தான் வச்சிருந்தாரா?"

"ஆமா. பிற்பாடு யாரோ கையில வாளைக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"தெரியலை."

"அப்ப படத்துல என்னன்னு சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

நல்லதம்பிக்கு இது புதுசாக இருந்தது. கல்யாண வீடியோவில் தெரியாதது என்று எதுவுமே கிடையாது. தாய்மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ரோஜா இதழைத் தூவி மறைத்துவிடுவார். இங்கே ரோஜாவையே மறைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கே அவர் சீடனாகிவிட்டார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அவராகவே சேர்ந்துகொண்டார்.

அதன் பிறகு கூடம் கூடமாகப் போய் எடுத்தார். புலியை நேரில் பார்த்தே இராத யாரோ வரைந்த புலி ஒன்று இருந்தது. அசப்பில் அது ஊர்த் தாசில்தார் மாதிரி இருந்தது. ஒரு ராணியின் மேலுதட்டில் எந்தக் காலத்துப் பையனோ பென்சிலால் மீசை போட்டிருந்தான். பொற்கொடி ரப்பரை உருட்டி உருட்டி அதை எடுத்ததை நல்லதம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தார். கேமரா குலுங்கிவிட்டது. மறுபடி எடுக்க மீசை இல்லை.

"பரவாயில்லைண்ணே," என்றாள் பொற்கொடி. "குலுங்கினதே இருக்கட்டும்."

வேலை அறையில், நீள மேசையின் மேல் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று மல்லாந்து படுத்திருந்தது. யசோதை மடியில் குழந்தைக் கண்ணன். அப்படி என்று சொன்னார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரிச்சட்டியின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. ஒரு கண்ணும், கையில் கொஞ்சம் வெண்ணெயும் மட்டும் மினுங்கின.

அது வேதவல்லி அம்மாள் வீட்டுப் படம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பூஜை அறையில் இருந்தது. வேதவல்லி அம்மாள் அரிசி ஆலை நடத்துகிறவர். மில் சத்தத்தில் பேசிப் பேசி, சும்மா "வாங்க" என்று சொன்னாலே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலை. படத்தைக் கொண்டுவந்து இறக்கிய அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சாமி படம். சுத்தபத்தமா வேலை பார்க்கணும். விழாவுக்கு முன்னாடி நீங்க எடுக்கிற படத்தை எனக்குப் போட்டுக் காட்டணும். என் மனசுக்குத் திருப்தியா இருந்தா கண்ணன் இங்கேயே இருக்கட்டும், ஊரே பார்க்கட்டும். இல்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

வீட்டுக்குப் போனால் மறுபடி பூஜை அறை, மறுபடி விளக்குப் புகை. சில வருஷத்தில் அந்த ஒரு கண்ணும் போய்விடும். பொற்கொடிக்கு அது தெரியும். நல்லதம்பிக்கும் அவள் சொல்லித் தெரிந்தது.

அவள் அந்தப் படத்தில் வேலை தொடங்கிய நாள் நல்லதம்பி கேமராவை நெருக்கமாக வைத்தார்.

பொற்கொடி முதலில் வாயைப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்தாள். மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றினாள். பஞ்சை வாய்க்குள் வைத்து ஈரமாக்கினாள். கண்ணன் கன்னத்தில் வைத்து மெதுவாக உருட்டினாள். உடனே வேறொரு பஞ்சால் ஒத்தி எடுத்தாள்.

கன்னத்தில் உளுந்து அளவுக்கு நீலம் தெரிந்தது.

கறுத்த பஞ்சைக் கழற்றிப் போட்டாள். புதுப் பஞ்சு. மறுபடி வாய். மறுபடி கன்னம்.

நல்லதம்பி கேமராவை நிறுத்தினார்.

"மேடம். அது… எச்சில்."

"ஆமாண்ணே."

"சாமி மேலயா?"

"வாயில ஊறுறது சோத்தைக் கரைக்குதில்ல? அதேதான் இந்தப் பிசுக்கையும் கரைக்குது. புட்டியில வர்றது எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன். இதுதான் கேட்குது. இதுக்காகத்தான் மத்தியானம் ஊறுகாய்கூடத் தொடறதில்லை."

"எச்சில் தப்பில்லையா மேடம்?"

பொற்கொடி வேறொரு குச்சியில் பஞ்சு சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"ஓரத்துல, அந்தத் தூண்கிட்ட, நீங்க ஒரு தடவை உருட்டிப் பாருங்க."

நல்லதம்பி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேதவல்லி அம்மாவுக்குத் தெரியுமா?"

"படத்துல பார்ப்பாங்க. அதுக்குத்தானே எடுக்கிறீங்க?"

நல்லதம்பி வீட்டுக்குப் போய் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேதவல்லி அம்மாள் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? கண்ணன் கரிக்குத் திரும்புவான். மேடம் பெயர் கெடும். ஊர் கடைசிவரை பார்க்கிற படம் என்ற ஆசையில் மண் விழும். குருவைக் காப்பாற்றுவது சீடனின் கடமை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் வயிறு பசித்தது.

மறுநாள் பொற்கொடி இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு காட்சி எடுத்தார். ஒரு வெள்ளிக் கிண்ணம். அதில் புட்டியிலிருந்து பன்னீர் சாய்கிறது. சுத்தமான பஞ்சு அதில் நனைகிறது. அடுத்து, பொற்கொடியின் கை கண்ணன் கன்னத்தில் பஞ்சை உருட்டுகிறது. வாய் இருந்த இடத்தை வெட்டி, வெள்ளிக் கிண்ணத்தை ஒட்டினார். தையல் தெரியவில்லை. நல்ல வேலைக்காரர்தான், அதில் குறை சொல்வதற்கில்லை.

முகங்கள் தெளிந்து, யசோதை சிரிப்பது தெரிந்த பிறகு, வேதவல்லி அம்மாளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பின்வரிசையில் பொற்கொடியும் உட்கார்ந்திருந்தாள். அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

ராஜாவின் ரோஜாப்பூ வந்தபோது வேதவல்லி அம்மாள் "அட!" என்றார். தாசில்தார் புலிக்குச் சத்தமாகச் சிரித்தார். தன் வீட்டுக் கண்ணன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளிக் கிண்ணம் வந்தது. பன்னீர் சாய்ந்தது. பஞ்சு நனைந்தது. கன்னம் நீலமாயிற்று.

வேதவல்லி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படம் முடிந்தது. அவர் எழுந்து வந்து பொற்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பன்னீர்லயே குளிப்பாட்டியிருக்கியேம்மா! கண்ணன் இங்கேயே இருக்கட்டும். நீயே பார்த்துக்க."

பொற்கொடி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மில்லிலிருந்து ஆள் வந்து கூப்பிட, வேதவல்லி அம்மாள் வாசலுக்குப் போய்விட்டார். போகிற போக்கில் அங்கிருந்தே சொன்னார்.

"வீட்ல இன்னொரு கண்ணன் இருக்கான், உறியில வெண்ணெய் எடுக்கிறவன். அவனும் இதே மாதிரி கரியாத்தான் இருக்கான். மில்லுல ஒரு எட்டு பார்த்துட்டு, தலைக்குக் குளிச்சிட்டு, இன்னிக்கே நானே அவனைப் பன்னீர்ல துடைச்சிடறேன். இதுக்குப் போயி உன்னை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

கார் கிளம்பிவிட்டது.

அறையில் குருவும் சீடனும் மட்டும் இருந்தார்கள்.

"அந்தப் புட்டியில என்னண்ணே?"

"பன்னீர், மேடம்."

"நான் எப்ப பன்னீர் போட்டேன்?"

நல்லதம்பி காலைப் பார்த்தார். "உங்க நல்லதுக்குத்தான் மேடம். கண்ணன் தங்கிட்டான் பாருங்க."

அவள் கார் போன பக்கம் பார்த்தாள்.

"பன்னீர் ஒண்ணும் கெட்ட பொருள் இல்லையே மேடம்? அவங்க வீட்ல துடைச்சாலும் நல்லதுதானே?"

பொற்கொடி அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தாள். யாரோ பெயர் தெரியாதவர் வரைந்த பழைய கடல். பழகிப் பார்ப்பதற்காகச் சந்தையில் வாங்கி வைத்திருந்தாள். அதை மேசையில் வைத்தாள். நல்லதம்பியின் பன்னீர்ப் புட்டி சன்னலோரம் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வேதவல்லி அம்மா எப்படித் துடைப்பாங்களோ அப்படித் துடைங்க."

நல்லதம்பி யோசித்தார். அந்த அம்மாள் எதையும் கஞ்சத்தனமாகச் செய்கிறவர் அல்ல. புட்டியைக் கவிழ்த்தார். ஊற விட்டார். பிறகு பஞ்சை வைத்துப் பயபக்தியோடு தேய்த்தார்.

பஞ்சு நீலமாயிற்று.

"அழுக்கு வருது மேடம்," என்றார் சந்தோஷமாக.

"நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். படத்தில் ஓர் அலை இல்லை. ஈரத்தில் படம் வரைந்த துணி இழுத்துக்கொண்டு, காய்ந்த வண்ணம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. அலை அவர் கையிலிருந்த பஞ்சில் இருந்தது.

"எச்சிலும் தண்ணிதானே மேடம்?"

"ஒரு பொட்டு. வச்ச உடனே ஒத்தி எடுத்திடறேன். அவங்க புட்டியோட கவிழ்ப்பாங்க."

நல்லதம்பி போனை எடுத்து வேதவல்லி அம்மாளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தலைக்குக் குளிக்கப் போனவர் போனை எடுப்பாரா?

"நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"புட்டி உங்களுது," என்றாள் பொற்கொடி. குச்சியும் பஞ்சும் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வண்டியை எடுங்க."

நல்லதம்பியின் ஸ்கூட்டர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழகிய வண்டி. நடப்பவர்களுக்கு முன்னால் மெதுவாகப் போய்ப் பழக்கப்பட்டது. அன்றைக்கு அதை அவர் விரட்டிய விரட்டில் கோழிகள் பறந்தன.

"மேடம்!" என்று கத்தினார் காற்றில். "வேடன் ஒருத்தர் வாயில தண்ணி கொண்டுவந்து சாமிக்கு ஊத்தினார்ல, அந்தக் கதையைச் சொல்லிச் சமாளிச்சிடவா?"

"அவர் பக்தியில ஊத்தினார். நான் பிசுக்கு எடுக்கிறேன். ரெண்டையும் கலக்காதீங்க. முன்னாடி லாரி வருது பாருங்க."

வேதவல்லி அம்மாள் வீட்டுக் கூடத்தில், கோலம் போட்ட பலகையின் மேல், இன்னொரு கண்ணன் படுத்திருந்தான். இவனும் கன்னங்கரேலென்றுதான் இருந்தான். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணம், திறந்த பன்னீர்ப் புட்டி. வேதவல்லி அம்மாள் ஈரத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிடி பஞ்சு. தலையணைக்கு அடைக்கலாம், அவ்வளவு.

"ஊத்தாதீங்கம்மா!"

வேதவல்லி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் மூச்சு வாங்க நல்லதம்பி நின்றார். அவருக்குப் பின்னால் பொற்கொடி தூணில் சாய்ந்துகொண்டு நின்றாள். இனிமேல் நீங்களாச்சு என்று நிற்கிற நிலை அது.

"ஏன்ப்பா?"

"இந்தப் பன்னீர் ஆகாதும்மா."

"கெட்டுப்போச்சா? இப்பத்தானே வாங்கிட்டு வந்தாங்க."

"இல்லைம்மா. நாங்க போட்டது வேற. ஸ்பெஷல்."

பாருங்கள், மனுஷன் இந்த நேரத்திலும் வெட்டி ஒட்டப் பார்க்கிறார்.

"அப்ப அதையே வரவழைச்சுக் குடு. எந்த ஊர்ல கிடைக்கும்?"

"கடையில கிடைக்காதும்மா."

"பின்ன எங்க இருக்கு?"

நல்லதம்பி திரும்பிக் குருவைப் பார்த்தார். குரு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் வாயில இருக்கும்மா," என்றார்.

"என்னது?"

"எச்சிலும்மா. வாயில பஞ்சை வச்சு, அந்த ஈரத்துலதான் துடைச்சாங்க. பன்னீர் நான் போட்டது. படத்துல மட்டும். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு மாத்திட்டேன். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்குத்தான் அவங்களும் பார்த்தாங்க."

வேதவல்லி அம்மாள் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"என் சாமி மூஞ்சியில," என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டது கிடையாது. "எச்சிலா?"

நல்லதம்பிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போயிற்று. கண்ணன் போனான், படம் போயிற்று, மேடம் பெயரும் போயிற்று.

பொற்கொடி உள்ளே வந்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா."

வேதவல்லி அம்மாள் என்ன நினைத்தாரோ, தானே போய்க் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்தவள் தண்ணீர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? பொற்கொடி முற்றத்துக்குப் போய் வாயை நன்றாகக் கொப்பளித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. வந்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குச்சியில் பஞ்சு சுற்றினாள். வாயில் வைக்கும் முன் நிறுத்தினாள்.

"வேணாம்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

வேதவல்லி அம்மாள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

பொற்கொடி பஞ்சை வாயில் வைத்தாள். எடுத்தாள். படத்தின் மூலையில், உறியின் பானை இருக்க வேண்டிய இடத்தில், மெதுவாக உருட்டினாள். ஒத்தி எடுத்தாள்.

கறுப்புக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் ஒரு பானையின் விளிம்பு வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு சொட்டு. வழிகிற வெண்ணெய்.

வேதவல்லி அம்மாள் குனிந்தார். இன்னும் குனிந்தார். பொற்கொடி கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். அது மை மாதிரி கறுத்திருந்தது.

"இவ்வளவு அழுக்கா! எங்கேயிருந்தும்மா வந்துச்சு?"

"இங்கேயிருந்துதான். விளக்கு. கற்பூரம். சாம்பிராணி. நீங்க ஏத்தினது, உங்க மாமியார் ஏத்தினது, அவங்க மாமியார் ஏத்தினது."

"அதையா அழுக்குங்கறே?"

"நான் சொல்லலைம்மா. நீங்கதான் சொன்னீங்க."

பொற்கொடி குச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

வேதவல்லி அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மோதிர விரலால் அந்தக் கரியைத் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டார். ஹோமத்து ரட்சையை வைத்துக்கொள்வாரே, அப்படி.

வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. விரலைப் பார்த்தார். பொற்கொடியின் வாயைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

மில்லே நின்றுபோகிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார்.

"வாப்பா இங்க," என்று நல்லதம்பியைக் கூப்பிட்டார். அவர் பயந்துகொண்டே வந்து குனிந்தார். அவர் நெற்றியிலும் கரியை அழுத்தி வைத்தார் வேதவல்லி அம்மாள்.

"எதுக்குப்பா பன்னீர்னு சொன்னே?"

"உங்களுக்குப் பிடிக்காதேன்னு…"

"எனக்குப் பிடிச்சதை மட்டும் காட்டத்தான் என் மகன் கல்யாணத்துக்கு நீ எடுத்த வீடியோ இருக்கே. அதைப் பந்தி வரைக்கும்கூட நான் பார்க்கலை."

நல்லதம்பிக்கு அந்தக் கரி வைத்த இடம் சுட்டது.

"இந்தப் பொண்ணு வாயில பஞ்சு வைக்கிறதைப் படத்துல போடு. அதுக்கு முன்னாடி வாய் கொப்பளிக்கிறதையும் போடு. அது முக்கியம். போட்டாத்தான் கண்ணன் அங்கே இருப்பான்." பலகையில் கிடந்தவனைப் பார்த்தார். "ரெண்டு கண்ணனும்."

பிறகு குரலைத் தாழ்த்திப் பொற்கொடியிடம் கேட்டார்.

"ஏம்மா, நானும் ஒரு தடவை வச்சுப் பார்க்கட்டுமா?"

பொற்கொடி அவர் உதட்டைப் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பு ஓரம்வரை ஊறியிருந்தது.

"நீங்க வச்சா கண்ணன் வெத்தலை போட்ட மாதிரி ஆயிடுவான்மா."

அன்று அந்த வீட்டில் சாப்பாடு போட்டுத்தான் விட்டார்கள். பொற்கொடிக்கு மட்டும் ஊறுகாய் வைக்கவில்லை.

நல்லதம்பி படத்தைத் திரும்ப வெட்டினார். வெள்ளிக் கிண்ணம் போயிற்று. வாய் கொப்பளிப்பது வந்தது, வாயில் பஞ்சு வைப்பது வந்தது. இனி அந்த இடத்துக்குக் குரல் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அருங்காட்சியகத்தின் பின்னறையில் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். நல்லதம்பி மைக் முன்னால் உட்கார்ந்தார். பொற்கொடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், 'இயற்கையான ஒரு திரவம்'னு சொல்லலாமா? பொய் இல்லையே?"

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"'உமிழ்நீர்'னு? மரியாதையா இருக்கும்."

அவள் அவர் கையிலிருந்த தாளைக் காட்டினாள்.

"சரி," என்று தாளைத் தூக்கிப் பிடித்தார். கல்யாண மண்டபத்தில் பின்வரிசை வரை போகிற குரல் அவருடையது. வாசித்தார்.

"யசோதையின் மடியில் வெண்ணெயோடு சிரிக்கிறான் கண்ணன். இத்தனை வருஷப் புகையைத் துடைத்து அவன் முகத்தை நமக்குக் காட்டியது, ஒரு பெண்ணின் எச்சில்."

"இன்னொரு தடவைண்ணே."

வாசித்தார்.

"இன்னொரு தடவை."

மறுபடி வாசித்தார். போர்வைக்குள் வியர்த்துக் கொட்டியது.

"மைக்குல கோளாறா மேடம்?"

"மைக் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்னதான் குறை?"

பொற்கொடி ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். பதிவானதை ஓடவிட்டாள். நல்லதம்பி கண்ணை மூடிக் கேட்டார். யசோதை கணீரென்று வந்தாள். வெண்ணெய் வந்தது. கண்ணன் வந்தான். புகை வந்தது. பெண் வந்தாள். கடைசி வார்த்தை மட்டும் காற்றாக வந்து போயிற்று.

அவர் கண்ணைத் திறந்தார்.

"கண்ணன்னு சொல்றீங்கல்ல," என்றாள் பொற்கொடி, "அதே சத்தத்துல அதையும் சொல்லுங்கண்ணே."